கைகாட்டி இறங்கிய ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

கோவையை ஒட்டிய போத்தனூருக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே, வேலிகளுக்கு இடையே போகும் இட்டேரி முடிகிற இடத்தில், ஓடுகள் சரிந்த சிறிய கட்டடம் ஒன்று இருக்கிறது. அதுதான் எங்கள் ஊர் ஸ்டேஷன். டிக்கெட் கொடுத்த சன்னலை இப்போது வேலா முள் அடைத்துக்கொண்டிருக்கிறது.

இந்தப் பாதை திறக்கப்பட்டது 1915-இல். தண்டவாளங்களுக்கு இடையே சரியாக ஒரு மீட்டர் அகலம். அதனால்தான் மீட்டர் கேஜ். 1928-இல் திண்டுக்கல்லிலிருந்து வந்த பாதையும் பொள்ளாச்சியில் சேர்ந்தது. அதன்பின் பழனி எங்களுக்குப் பக்கத்து ஊரானது. தைப்பூசத்துக்கு நடந்தே மலைக்குப் போனவர்கள், திரும்பும்போது ரயிலேறி வந்து இறங்குவார்கள். வியாழக்கிழமை பொள்ளாச்சிச் சந்தைக்கும், அம்மாவின் அப்பாவான எங்கள் அப்புச்சிக்கு இந்த ரயில்தான்.

ஊரில் யாரும் கடிகாரம் பார்த்து ஸ்டேஷனுக்குக் கிளம்பியதில்லை. தோட்டத்தில் நின்றபடியே, "கைகாட்டி இறங்கிவிட்டது" என்பார்கள். சிக்னல் கம்பத்தின் உச்சியிலிருக்கும் கை போன்ற பலகைதான் கைகாட்டி; அது தாழ்ந்தால் வண்டி வருகிறது என்று அர்த்தம். உடனே மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட்டம். பொழுது சாய்ந்ததும் ஸ்டேஷன் ஊழியரான பாயிண்ட்ஸ்மேன் மண்ணெண்ணெய் விளக்கோடு அந்தக் கம்பத்தில் ஏறுவதைச் சிறுவர்கள் நாங்கள் கூட்டமாக நின்று பார்ப்போம்.

ஸ்டேஷன் மாஸ்டர் அறையிலிருந்த டோக்கன் பெட்டியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒற்றை வழிப் பாதை அது. எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிடக் கூடாது. அடுத்த ஸ்டேஷன் சம்மதம் தந்தால்தான் அந்தப் பெட்டியிலிருந்து உள்ளங்கையில் அடங்கும் ஓர் இரும்பு உருண்டை வெளியே வரும். அதைத் தோல் பைக்குள் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, டிரைவரிடம் கொடுப்பார்கள். அந்த உருண்டை அடுத்த ஸ்டேஷன் பெட்டிக்குள் விழும்வரை இன்னொன்றை எடுக்க முடியாது. எங்கள் ஊரில் நிற்காத வண்டி வந்தால் பாயிண்ட்ஸ்மேன் வளையத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஓடும் எஞ்சினிலிருந்து நீளும் கை அதைக் கோத்துக்கொண்டு போகும். நிற்காத வண்டியும் எங்கள் ஊரிடம் கை நீட்டி வாங்காமல் கடந்து போனதில்லை. அந்தப் பெருமை எனக்கு இன்றுவரை குறையவில்லை.

2008-இல் மீட்டர் கேஜை அகலப் பாதையாக (பிராட் கேஜ்) மாற்றும் பணிக்காக ரயில்கள் நின்றன. மீண்டும் ஓடியது 2017-இல். ஒன்பது ஆண்டுகள்! அதற்குள் ஊர் பஸ்ஸுக்குப் பழகிவிட்டது. அகலப் பாதை வேண்டும் என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். இன்றும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நீண்ட தூர வண்டிகள் நேராக வர அதுதான் வழி. ஆனால் புதிய கால அட்டவணையில் எங்கள் ஊரின் பெயர் இல்லை. முதல் வண்டி வந்த அன்று பூமாலையோடு காத்திருந்தோம். வண்டி போய்விட்டது. கையிலிருந்த மாலையை வேப்பமரத்தடிப் பிள்ளையாருக்குச் சாற்றிவிட்டு வீடு திரும்பினோம்.

காலை ஒரு வண்டி, மாலை ஒரு வண்டி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நின்றால் போதும் என்று மனுக் கொடுத்திருக்கிறோம். கோவைக் கல்லூரிகளுக்குப் போகும் எங்கள் பிள்ளைகள் இப்போது இரண்டு பஸ் மாறிப் போகிறார்கள். அந்த மனுவுக்குப் பதில் வரும்போது வரட்டும். கட்டடத்தின் சுவர்கள் இன்னும் உறுதியாகத்தான் இருக்கின்றன, கூரைதான் போய்க்கொண்டிருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்ற அனுமதி கிடைத்தால் போதும். ஓடுகளும் வேலைக்கு ஆட்களும் ஊரிலேயே உண்டு.

வணக்கம்.