தள்ளுகிறோம், ஐயா!

நடுவர் அவர்களே, காரைக்குடிப் பெருமக்களே, வணக்கம். கரடுமுரடான தடத்தில் பொறுப்போடு ஓட்டுகிறவர் எஞ்சின் இரண்டு சக்கரத்தை மட்டும் சுழற்றுகிற டூ வீல் டிரைவ்காரரா, நாலையும் சுழற்றுகிற ஃபோர் வீல் டிரைவ்காரரா? நான் டூ வீல் பக்கம்.

எதிரணி நண்பர் சொன்னார்: "டூ வீல்காரர் வண்டி ஓட்டுவதில்லை, தள்ளுகிறார்." நீங்களும் கை தட்டினீர்கள். சரி, தள்ளுகிறோம்.

எங்கள் அயித்தான் தள்ளவே மாட்டார். நாலு சக்கரமும் இழுக்கிற பிக்கப் வாங்கினார். ஐப்பசி மழை விட்ட மறுநாள், கண்மாய்க்குள் இறக்கினார். "ரோட்டுலயே போவோமே" என்றார் ஆச்சி. "இது ஃபோர் வீல்!" என்றார் அயித்தான். பத்தடி போனது, சிரித்தார். இன்னும் பத்தடி, பலமாகச் சிரித்தார். அப்புறம் வண்டி சிரித்தது. வண்டியின் அடிச்சட்டம் சேற்றில் உட்கார்ந்தபின் எத்தனை சக்கரம் சுற்றி என்ன?

டிராக்டர் வந்தது. கெட்டித் தரையில் நின்றபடி கயிறு கட்டி இழுத்துப் போட்டது. டிரைவர் கேட்டார், "ஐயா, இது என்ன டிரைவ்?"

"ஃபோர் வீல்."

"நம்மளுது டூ வீல்தாங்க!"

நடுவர் சிரிக்கிறார், அதனால் இன்னொரு தடவை சொல்கிறேன். புதைந்தது ஃபோர் வீல், இழுத்தது டூ வீல்! தள்ளுகிறவர் யார், தள்ளப்பட்டவர் யார் நண்பரே?

நாலு சக்கரமும் இழுத்தால் ஏறலாம், மறுக்கவில்லை. பிரேக் பிடிக்க அது உதவாது. கார், ஜீப், பிக்கப் எதுவானாலும் பிரேக் நாலு சக்கரத்திலும்தான். டூ வீல்காரர் இறங்கி நடந்து பார்ப்பார். குச்சி விட்டுத் தண்ணீர் ஆழம் பார்ப்பார். மணல் என்றால் டயர் காற்றைக் குறைப்பார். முடியாது என்றால் திரும்பிவிடுவார். ஃபோர் வீல்காரரும் இதைச் செய்யலாமே என்பீர்கள். செய்யலாம். அயித்தான் செய்தாரா?

கரைமேல் விழுந்த டயர் தடத்தில்தான் அடுத்த மழைத்தண்ணீர் ஓடும், கரையை அரிக்கும். பக்கத்தில் வெட்டங்குடி இருக்கிறது, 1977 முதல் பறவைகள் சரணாலயம். அங்கே கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கூடு கட்டிய பறவை பயந்துவிடுமாம். புதுச் சட்டை போட்ட பிள்ளைக்கு வெடி மேல் ஆசை இருக்காதா ஐயா? அந்த ஆசையை அடக்கிக்கொண்டு வளர்கிறதே ஓர் ஊர்ப் பிள்ளைக்கூட்டம்! அவர்கள் கண்மாய்க்கரையில் நாம் எஞ்சினை உறுமவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வதா?

மணி அடித்துவிட்டீர்கள். தீர்ப்பை என்னிடமும் கேட்க வேண்டாம், அவரிடமும் கேட்க வேண்டாம். அந்தப் பிள்ளைகளிடம் கேட்டுச் சொல்லுங்கள். வணக்கம்.