கூடையில் ஏறியதும் கொக்கியை மாட்டுங்கள்

வணக்கம் நேயர்களே. தெருவிளக்கு மாற்றவும், மரக்கிளை வெட்டவும், உயரமான சுவருக்கு பெயின்ட் அடிக்கவும் ஆளைக் கூடையில் வைத்துத் தூக்குகிற பூம் லிஃப்டைப் பார்த்திருப்பீர்கள். அதில் வேலை செய்கிறவர்களோடுதான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

"கூடையைச் சுத்தி கம்பி இருக்கே, பெல்ட் எதுக்கு?" என்று பலர் கேட்கிறார்கள். கம்பி இருப்பது சரிதான். ஆனால் வண்டியின் சக்கரம் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே போதும், அந்தக் குலுக்கல் கூடையைத் தாங்கும் நீண்ட கையான பூமின் நுனிக்குப் போகும்போது பல மடங்காகிவிடும். கவணில் வைத்த கல்லைப் போல ஆளைக் கம்பிக்கு மேலே தூக்கி எறியும். எதையும் பிடித்துக்கொள்ள நேரமே இருக்காது. அதனால் முழு உடல் ஹார்னஸ், அதாவது உடம்பைச் சுற்றிப் பிடிக்கும் பாதுகாப்புப் பட்டை போட்டு, அதன் கயிற்றில் உள்ள கொக்கியைக் கூடையில் அதற்கென்றே உள்ள வளையத்தில் மாட்டுங்கள். பக்கத்துக் கம்பத்தில் மாட்டிவிட்டுக் கூடையை நகர்த்தினால், கயிறே உங்களை வெளியே இழுத்துப் போட்டுவிடும். கயிறும் குட்டையாக, கம்பியைத் தாண்ட விடாத அளவில் இருக்கட்டும்.

கை எட்டவில்லையா? கூடையை நகர்த்துங்கள். தயவுசெய்து கம்பிமேல் ஏறி நிற்காதீர்கள்.

மின்கம்பி பக்கத்தில் இருந்தால், 50 கிலோவோல்ட் வரை குறைந்தது 3 மீட்டர் தள்ளியே இருங்கள். மின்னழுத்தம் அதற்கு மேல் போனால் இடைவெளியும் கூட வேண்டும். கூடை மின்கம்பியில் பட்டுவிட்டால், கீழே வண்டியைத் தொடுகிறவரின் உயிரும் போகும்.

அப்புறம், அதிகம் பேசப்படாத ஆபத்து ஒன்று. மேலே ஏறும்போது தலைக்கு மேல் உத்தரம் இருப்பதைக் கவனிக்காமல் விட்டால், முதுகு அதில் இடிக்கும், நெஞ்சு கன்ட்ரோல் பலகையில் அழுந்தும். அழுந்திய உடம்பே லிவரைத் தள்ளிக்கொண்டிருக்க, கூடை மேலும் ஏறும். சிக்கியவரால் கத்தக்கூட முடியாது. அந்த நேரத்தில் காப்பாற்றக்கூடியவர் கீழே நிற்பவர் மட்டும்தான். வண்டியின் அடிப்பகுதியில் கூடையை இறக்கும் கன்ட்ரோல் உண்டு. என்ஜின் நின்றுபோனாலும் இறக்குவதற்குத் தனி வழி உண்டு. ஆனால் கீழே நிற்கும் உதவியாளருக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை, எனக்கு இருக்கிற பெரிய ஆதங்கமே அதுதான்.

தினமும் காலையில், ஆள் ஏறுவதற்கு முன், வெறும் கூடையை உயர்த்தி, கீழே நிற்பவரே தன் கையால் இறக்கிப் பார்க்கட்டும். அவருக்கு அது தெரியாவிட்டால், கற்றுக்கொள்ளும்வரை யாரும் மேலே போக வேண்டாம்.