நாலு அறை, ஒரு முற்றம்: அசாந்தே சாமி வீடுகள்

அனைவருக்கும் வணக்கம்.

கோயில் கட்டடக்கலை பற்றிப் பேசக் கூப்பிட்டால் இவர் ஏதோ பழைய மண் வீட்டுப் படத்தைப் போடுகிறாரே என்று சிலருக்குத் தோன்றியிருக்கும். தோன்றினால் தப்பில்லை, கோபுரம் பார்த்துப் பழகிய கண் நம்முடையது. இந்தப் படத்தில் இருப்பது மண் சுவர், தகரக் கூரை, நடுவே திறந்த முற்றம். அவ்வளவுதான். ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவில், கானா நாட்டின் குமாசி நகரத்தை ஒட்டிய ஊர்களில் இருக்கும் இப்படிப்பட்ட 10 சாமி வீடுகளை யுனெஸ்கோ 1980-இலேயே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டது. அசாந்தே மக்களின் பழைய கட்டடக்கலையில் இன்று கண்ணால் பார்க்கக் கிடைப்பது ஏறக்குறைய இவ்வளவுதான்.

முதலில் அமைப்பு. நாலு பக்கமும் நாலு அறைகள், நடுவில் முற்றம். மூன்று அறைகளுக்கு முற்றத்தைப் பார்த்த பக்கத்தில் சுவரே கிடையாது, தூண்கள் மட்டும்தான். ஒன்று மேளக்காரர்களுக்கு, ஒன்று பாடுகிறவர்களுக்கு, இன்னொன்று சமையலுக்கு. நாலாவது அறைதான் சாமி அறை. அதன் முகப்பை ஓட்டை ஓட்டையாகப் பின்னல் வேலை செய்த மண் தடுப்பு மறைத்திருக்கும். உள்ளே பூசாரியும் அவருக்கு உதவியாக இருப்பவர்களும் மட்டும் போகலாம். பூசாரியை அங்கே 'ஒகோம்ஃபோ' என்பார்கள், ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. மேளம் முழங்கும்போது சாமி வந்து ஆடுவது முற்றத்தில்தான். ஆகவே இந்தக் கட்டடத்தில் முக்கியமான இடம் எது என்று கேட்டால், கூரையே இல்லாத அந்த முற்றத்தைத்தான் நான் காட்டுவேன்.

ஒன்றைக் கவனியுங்கள். படைத்த கடவுளான ந்யாமேவுக்கு இந்த வீடுகள் இல்லை. அவருக்கு வீட்டு முற்றத்தில் மூன்று கிளையாகப் பிரியும் ஒரு மரக்கவை நட்டு, அதில் ஒரு பானையை வைப்பதுதான் பழைய வழக்கம். இந்த வீடுகள் ஆறு, ஏரி போன்ற இடங்களோடு சேர்ந்த தெய்வங்களுக்கு உரியவை. தானோ என்ற ஆற்றின் பெயரில் வரும் தெய்வங்கள் அவர்களிடையே ரொம்பப் பெரியவை.

சரி, சுவருக்கு வருவோம். இதைக் கட்டும் விதத்தைக் கண்ணால் பார்த்து எழுதிவைத்தவர் ஒருவர் இருக்கிறார். 1817-இல் அசாந்தே அரசர் ஒசெய் பொன்சுவிடம் ஒப்பந்தம் பேசக் குமாசிக்கு வந்த ஆங்கிலேயத் தூதுக்குழுவைச் சேர்ந்த தாமஸ் எட்வர்ட் பௌடிச். வியாபாரம் பேச வந்த மனிதர், ஊரின் தெருக்களையும் வீடுகளையும் பார்த்து அசந்துபோய் படம் படமாக வரைந்துதள்ளியிருக்கிறார். அவர் சொல்வது இது: சுவர் எவ்வளவு கனம் வேண்டுமோ அவ்வளவு இடைவெளி விட்டு இரண்டு வரிசைக் கம்பு நட்டு, மிலாறு வைத்துப் பின்னுவார்கள். நடுவில் சரளை கலந்த களிமண்ணைக் குழைத்து நிரப்புவார்கள். வெளியே இன்னொரு கனத்த பூச்சு. அந்தப் பூச்சு காய்வதற்குள், மெல்லிய பிரம்புச் சீவல்களைப் புல்லால் கட்டி, வேண்டிய வடிவத்தில் வளைத்து, நுனியை ஈர மண்ணில் செருகுவார்கள். சீவல்களுக்கு இடையிலும் மேலும் மண் பூசினால், சுருளும் வளையமும் பின்னலும் சுவரிலிருந்து புடைத்துக்கொண்டு நிற்கும். பறவை, மீன், முதலை எல்லாம் இப்படி வருபவைதான். உளி கிடையாது, அச்சும் கிடையாது. செய்கிறவரின் விரல்தான்.

மேல் சுவர் வெள்ளை, கீழ்ச் சுவர் செம்மண் நிறம். கீழ்ப் பாதியில் செம்மண் குழம்பைப் பூசித் தேய்த்துத் தேய்த்து மெருகு ஏற்றுவார்கள். தரைக்கும் அதே வேலை. மழை அடித்துத் தெறிப்பதும் கால் படுவதும் கீழ்ப் பாதியில்தானே! அங்கே மெருகு அவசியம். அழகுக்கும் ஆச்சு, காவலுக்கும் ஆச்சு.

இன்னொரு விஷயமும் பௌடிச் எழுதுகிறார். குமாசி வீடுகளில் மாடியில்கூடக் கழிப்பிடம் இருந்தது, ஆழமான குழியில் தினமும் வெந்நீர் ஊற்றினார்கள் என்று. 1817-இல் லண்டன் எப்படி நாறியது என்பதை நீங்களே தேடிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஏன் குமாசி வீடுகளைப் பற்றிப் பேசுகிறேன் என்றால், சாமி வீட்டுக்கென்று தனி இலக்கணம் எதுவும் அசாந்தேயில் இல்லை. அரசர் வாழ்ந்ததும், வசதியானவர்கள் வாழ்ந்ததும் இதே அறைகளும் முற்றமும் கொண்ட வீடுகளில்தான். அரண்மனை என்றால் இந்த முற்றங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருகிக்கொண்டே போகும். தெய்வம் மனிதரைப் போலவே ஒரு முற்றத்து வீட்டில் குடியிருந்தது. எனவே ஒரு பெரிய நகரமே எப்படி இருந்திருக்கும் என்பதற்கு இன்று நமக்குச் சாட்சி இந்தச் சிறிய வீடுகள்தான்.

நகரம் எங்கே போனது? 1874 பிப்ரவரியில் கார்னெட் வுல்ஸ்லி தலைமையில் வந்த ஆங்கிலேயப் படை குமாசிக்குள் நுழைந்து, இரண்டே நாளில் ஊருக்குத் தீ வைத்துவிட்டு, ஒசெய் பொன்சு கட்டிய கல் மாளிகையை வெடி வைத்துத் தகர்த்துவிட்டுப் போனது. அள்ளிக்கொண்டு போன தங்கப் பொருட்கள் பலவற்றையும் சேர்த்து 32 பொருட்களை லண்டன் அருங்காட்சியகங்கள் 2024-இல் குமாசிக்குக் கொண்டுவந்து காட்சிக்கு வைத்தன. திருப்பிக் கொடுக்கவில்லை, கடனாகக் கொடுத்தார்கள்! எடுத்தவன் கடன் கொடுக்கிறான். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் 1896-இல் அரசர் பிரெம்பேயைப் பிடித்து நாடு கடத்தினார்கள். 1900-இல் ஆங்கிலேய ஆளுநர் அசாந்தே மக்கள் தங்கள் உயிராகவே மதிக்கும் தங்க ஆசனத்தையே கேட்டபோது எஜிசு என்ற ஊரின் ராஜமாதா யா அசாந்தேவா போருக்கு எழுந்தார். எஜிசுவை அடுத்த பெசியாசேயில் இருக்கும் சாமி வீட்டில் குறி கேட்டுவிட்டுத்தான் அவர் கிளம்பினார் என்பது அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் வரலாறு. போரில் தோற்று, செஷல்ஸ் தீவுக்கு அனுப்பப்பட்டு, 1921-இல் அங்கேயே இறந்தார். பெசியாசே வீடு நிற்கிறது. பத்தில் நல்ல நிலையில் இருப்பவற்றில் அதுவும் ஒன்று.

தலைநகரம் எரிந்தபோது இவை எப்படித் தப்பின? படையின் கண் அரண்மனை மேல் இருந்தது, பூசாரி வீட்டின் மேல் இல்லை என்பது ஒரு காரணம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. மண் கட்டடம் பூசிக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். பூசை நடக்கிற வீட்டில் சுவர் வெடித்தால் யாராவது கை வைப்பார்கள். ஊரில் பெரும்பாலானவர்கள் தேவாலயத்துக்குப் போக ஆரம்பித்து, இறந்த பூசாரிக்கு அடுத்த ஆள் வராமல் போனால், கரையானும் மழையும் உள்ளே வந்துவிடும்.

கூரையையும் பாருங்கள். முன்பு ஓலை வேய்ந்த, செங்குத்தாகச் சரியும் உயரமான கூரை. கொட்டுகிற மழை அதில் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். ஓலையை அடிக்கடி மாற்ற வேண்டும், வேய ஆள் வேண்டும். அதனால் 20-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலான வீடுகளுக்குத் தகரம் வந்துவிட்டது. பழைய உருவம் போச்சே என்று சிலர் வருந்துகிறார்கள். எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் அந்தத் தகரத்தை நான் திட்ட மாட்டேன். அதன் அடியில் சுவர் நனையாமல் இருக்கிறது.

அப்படியானால் சுவருக்கும் சிமென்ட் பூசிவிடலாமே என்று கேட்பீர்கள். கூடாது. மண் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விடும். மேலே சிமென்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல், பின்னால் இருக்கும் மண் இளகிப் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். பிரம்பு வைத்து வளைத்த பறவையும் சேர்ந்துதான் விழும். பழையபடி களிமண்ணைக் குழைத்துப் பூசுவதுதான் வழி. அதற்குக் கை பழகிய ஆட்கள் வேண்டும்.