ஓவர்டிராஃப்ட் எடுத்து கார்டு கடனையும் அடகையும் அடைக்கலாமா?

வணக்கம் மக்களே. இன்றைக்கு வீட்டுக்குள் உட்காராமல் வெளியே வந்திருக்கிறேன். இடையிடையே மோட்டார் சைக்கிள் சத்தம் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நிற்பது லெபோ அம்பாங். மஸ்ஜித் ஜாமெக் எல்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் வந்துவிடலாம். நம் தாத்தா காலத்தில் கோலாலம்பூரில் கடன் வேண்டுமென்றால் இந்தத் தெருப் பக்கம்தான் வருவார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் இங்கேதான் இருந்தன. சரி, வரலாறு இன்னொரு நாள். இன்றைய பேச்சு, கடன் வாங்கிக் கடனை அடைப்பது பற்றி. அதுவும் ஓவர்டிராஃப்ட், அதாவது கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் பேங்க் அனுமதித்த லிமிட் வரை எடுத்துக்கொள்ளும் கடன்.

எங்கள் சித்தி மகள் செந்தூலில் இருக்கிறாள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் வேலை, இரண்டு பிள்ளைகள். போன வாரம் வீட்டுக்கு வந்தவள் ஒரு பிளாஸ்டிக் பையைச் சாப்பாட்டு மேசையில் கொட்டினாள். கார்டு ஸ்டேட்மெண்ட், அடகுச் சீட்டு, கார் லோன் கடிதம், எல்லாம் கலந்து கிடந்தன. "அண்ணே, பேங்கில் ஓவர்டிராஃப்ட் தருகிறேன் என்கிறார்கள். அதை எடுத்து இதையெல்லாம் ஒரேயடியாக முடித்துவிடட்டுமா?" என்றாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். கணக்குக்கு வசதியாகத் தொகைகளை மட்டும் முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

முதலில் கிரெடிட் கார்டு. 12,000 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். நம் நாட்டில் கார்டு வட்டி மூன்று படியாக இருக்கிறது. 12 மாதமும் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டியவருக்கு 15 சதவீதம், 10 மாதமாவது கட்டியவருக்கு 17, மற்றவர்களுக்கு 18. இவள் 18-ல் நிற்கிறாள். அதாவது மாதம் 180 வெள்ளி வட்டிக்கே போகிறது.

அடுத்தது அடகு. வளையல், ஆரம், 5,000 வெள்ளிக்கு வைத்திருக்கிறாள். அடகுக் கடை வட்டி மாதத்துக்கு 2 சதவீதம். சீட்டில் இரண்டு என்று பார்த்தவுடன் மனசு லேசாகிவிடுகிறது. ஆனால் வருஷத்துக்கு அது 24. கார்டைவிட அதிகம்! நம் வீடுகளில் கார்டு கடன் என்றால் பயப்படுகிறவர்கள்கூட அடகைக் கடன் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "நகை கடையில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். அந்த நகைக்காக இவள் மாதம் 100 வெள்ளி கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆக 17,000 வெள்ளிக் கடன், மாதம் 280 வெள்ளி வட்டி.

இப்போது பேங்க் சொல்வதைக் கேளுங்கள். சித்தப்பாவின் இபிஎஃப் ஓய்வுக்கால சேமிப்புப் பணத்தில் போட்ட 30,000 வெள்ளி ஃபிக்சட் டெபாசிட் ஒன்று இருக்கிறது. சித்தி பெயரும் இவள் பெயரும் சேர்ந்தது. அதைப் பிணையாக வைத்தால் ஓவர்டிராஃப்ட் கிடைக்கும். டெபாசிட்டுக்கு அவர்கள் தருவது 2.5 சதவீதம், ஓவர்டிராஃப்டுக்கு கேட்பது 4.5. இது அவளுக்குச் சொன்ன விலை, உங்கள் பேங்கில் மாறலாம். 17,000-க்கு 4.5 என்றால் மாதம் சுமார் 64 வெள்ளி. 280 எங்கே, 64 எங்கே?

இந்த இடத்தில் கணக்குத் தெரிந்தவர் ஒருவர் கையைத் தூக்குவார். டெபாசிட்டையே உடைத்துக் கடனைக் கட்டினால் வட்டியே இல்லையே, எதற்கு 2.5 வாங்கி 4.5 கொடுக்க வேண்டும்? சரியான கேள்விதான். பணம் முழுக்க உங்களுடையது என்றால் நானும் உடைக்கத்தான் சொல்வேன். ஆனால் தேதியைப் பாருங்கள். 2019 ஜனவரியிலிருந்து முதிர்வுக்கு முன்னால் டெபாசிட்டை எடுத்தால் வட்டி ஒரு சென்கூடக் கிடையாது. முதிர்வுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றால், அதுவரை ஓவர்டிராஃப்டில் ஓட்டிவிட்டு, முதிர்ந்த அன்றைக்கு எடுத்து மூடிவிடலாம்.

இவள் விஷயத்தில் அது சித்தியின் கடைசிக்காலப் பணம். உடைக்க மனசு வரவில்லை. நியாயம். அதே நேரம், பிணையாக வைப்பதும் சின்ன விஷயமில்லை. இவள் கட்டாமல் விட்டால் பேங்க் அந்த டெபாசிட்டில் கை வைத்து எடுத்துக்கொள்ளும். அதனால் சித்தியை உட்கார வைத்து, தமிழில் முழுதாக விளக்கி, அவர் சரி என்றால் மட்டும் கையெழுத்து வாங்கு என்று சொன்னேன். "இங்கே ஒரு சைன் போடும்மா" என்கிற வேலை கூடாது.

இனிமேல்தான் முக்கியமான பகுதி. ஓவர்டிராஃப்டுக்கு மாதத் தவணை கிடையாது. கார்டு என்றால் 5 சதவீதமாவது கட்டு என்று கேட்கும், இவளுக்கு அது 600 வெள்ளி. அடகு என்றால் ஆறு மாதத்தில் நகை போய்விடும் என்று பயம் காட்டும். ஓவர்டிராஃப்ட் எதுவும் கேட்காது. வட்டியைக்கூடக் கணக்கிலேயே ஏற்றிவிட்டுச் சும்மா இருக்கும். ஸ்டேட்மெண்டில் மீதித் தொகைக்குப் பக்கத்தில் டிஆர் என்று இரண்டு எழுத்து இருக்கும், அதுதான் நீங்கள் பேங்குக்குத் தர வேண்டியது என்பதற்கு அடையாளம். முதல் மாதம் அதைப் பார்த்தால் வயிறு கலங்கும். ஒரு வருஷம் போனால் கண்ணுக்கே தெரியாது. வட்டி குறைந்த கடன்தான், ஆனால் முடியும் தேதி இல்லாத கடன். அந்தத் தேதியை நாம்தான் போட வேண்டும்.

எப்படிப் போடுவது? நான் அவளுக்கு எழுதிக் கொடுத்தது இதுதான். இதுவரை கார்டுக்கு 600, அடகுக்கு 100 என்று 700 வெள்ளி கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அதே 700, ஒரு வெள்ளி குறையாமல், மாதாமாதம் ஓவர்டிராஃப்ட் கணக்குக்குப் போகட்டும். மாதாமாதம் தானாகப் பணம் போகும்படி பேங்கில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் போட்டுவிட்டால் நினைவு வைத்துக்கொள்ளும் வேலையும் இல்லை. 26 மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். மொத்த வட்டி சுமார் 850 வெள்ளி. யோசித்துப் பாருங்கள், முன்பு மூன்றே மாதத்தில் 840 வெள்ளி வட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது.

இன்னொன்று. ஓவர்டிராஃப்ட் வட்டியை அன்றன்றைய மீதியை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். 17,000 என்றால் ஒரு நாளைக்கு 2 வெள்ளி 10 சென். புருஷன் சம்பளம் 4,200 அந்தக் கணக்கில் விழுந்தால் மீதி 12,800, அன்றைய வட்டி 1 வெள்ளி 58 சென். அப்புறம் செலவுக்கு எடுக்க எடுக்க ஏறும். பெரிய தொகை இல்லை, ஆனால் சம்பளப் பணம் வட்டி தராத கணக்கில் தூங்குவதைவிட இது மேல். கையில் காசு நிற்காத வீடு என்றால் மட்டும் இந்த வேலை வேண்டாம். சம்பளமும் கடனும் ஒரே கணக்கில் கலந்தால், எது நம் பணம், எது பேங்க் பணம் என்ற கணக்கு கைவிட்டுப் போகும்.

லிமிட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 30,000 டெபாசிட்டுக்கு 27,000 வரை தருகிறோம் என்று கௌண்டரில் இருந்த தம்பி ஆசை காட்டியிருக்கிறார். எந்த பேங்க் என்று கேட்காதீர்கள். 17,000 போதும் என்று எழுதிக் கேள் என்றேன். மீதி 10,000 அடுத்த தீபாவளிக்குள் காணாமல் போகும், எனக்குச் சந்தேகமே இல்லை. கடன் இறங்க இறங்க, வருஷத்துக்கு ஒரு தடவை கடிதம் கொடுத்து லிமிட்டையும் இறக்கச் சொல்ல வேண்டும். கார்டையும் மூடியாக வேண்டும். கார்டு பர்ஸிலேயே இருந்தால் இரண்டு வருஷத்தில் ஓவர்டிராஃப்டும் இருக்கும், கார்டு கடனும் இருக்கும்.

எல்லாக் கடனையும் இதில் போட்டு அடைக்கவும் வேண்டாம். பிடிபிடிஎன் என்கிற அரசாங்கக் கல்விக் கடனுக்கு உஜ்ரா, அதாவது சேவைக் கட்டணம், வருஷத்துக்கு 1 சதவீதம்தான், அதைத் தொடாதீர்கள். கார் லோனில் யோசிக்க வேண்டும். 3 சதவீதம் ஃபிளாட், அதாவது கடன் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி, 9 வருஷம் என்றால் உண்மையான வட்டி ஐந்தரை பக்கம் வரும், ஓவர்டிராஃப்டைவிட அதிகம்தான். ஆனால் பழைய ஒப்பந்தங்களில் ரூல் ஆஃப் 78 முறைப்படி வட்டியில் பெரும்பகுதியை முதல் சில வருஷங்களிலேயே எடுத்துவிடுவார்கள். இவளுக்கு இன்னும் இரண்டு வருஷம்தான் பாக்கி. முன்கூட்டி அடைத்தாலும் பெரிதாக எதுவும் மிஞ்சாது, விட்டுவிடு என்றேன்.

வீட்டுக் கடன் உள்ளவர்கள் உங்கள் ஆஃபர் லெட்டரைத் தேடி எடுங்கள். ஃபுல் ஃபிளெக்ஸி என்று இருந்தால், அதோடு இணைந்த கரண்ட் அக்கவுண்டில் நீங்கள் கூடுதலாகப் போட்டு வைத்த பணத்தைத் திரும்ப எடுக்க முடியும். புதிதாக ஓவர்டிராஃப்ட் கேட்டு அலைய வேண்டியதில்லை. ஒரே ஆபத்து, போன வருஷம் வாங்கிய டிவி முப்பது வருஷ வீட்டுக் கடனுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பிணையும் இல்லை, வீடும் இல்லை என்பவர்களுக்குப் பிணையில்லாத ஓவர்டிராஃப்டும் உண்டு, வட்டி ஏகத்துக்கு ஏறும். அதோடு, ஓவர்டிராஃப்டை பேங்க் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம், ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் இருக்கும். மூச்சு முட்டுகிற நிலையில் இருப்பவர்கள் அந்தப் பக்கம் போகாமல், கடன் ஆலோசனை தரும் ஏகேபிகே நிறுவனத்துக்குப் போங்கள். நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-ல் தொடங்கியது, ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. உங்கள் கார்டு, லோன் எல்லாவற்றையும் பார்த்து, பேங்குகளோடு அவர்களே பேசி, ஒரே மாதத் தவணையாக ஆக்கித் தருவார்கள். போகும்போது ஐசி (அடையாள அட்டை), சம்பளச் சீட்டு, எல்லா ஸ்டேட்மெண்டும் எடுத்துப் போங்கள். அடகுச் சீட்டையும் மறைக்காமல் சேர்த்து வையுங்கள்.