பாதிக்கப்பட்டவர் வெறும் சாட்சி மட்டும்தானா?

[திரையில்: ஒரு குற்றவியல் தீர்ப்பின் முதல் பக்கம்]

இந்தப் பக்கத்தைப் பாருங்க. ஒரு தரப்பு அரசு, மறு தரப்பு எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர். அடி வாங்கினவர் எங்க? உள்ள தேடினா 'அ.சா.1'னு கிடைப்பார். அரசுத் தரப்பு முதல் சாட்சி. கூண்டுல ஏறி சொல்லிட்டு இறங்கினா அவர் வேலை முடிஞ்சது.

வழக்கை அரசு நடத்துறதுக்குக் காரணம் இருக்கு. பழிவாங்கல் நீதிமன்றத்துக்குள்ள வரக் கூடாது. ஆனா அதுக்காக, பாதிக்கப்பட்டவருக்கு வழக்கு எந்த நிலையில இருக்குன்னு கூடத் தெரியாம விடணுமா?

நம்ம நாட்டுல 2009 டிசம்பர் 31-ல நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத் திருத்தம்தான் பெரிய திருப்பம். எதிரி விடுதலையானா பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம். அதுக்குத் தனியா அனுமதி வாங்க வேண்டாம்னு 2018-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஒரு ஓட்டை இருக்கு: விடுதலை, குறைந்த குற்றப்பிரிவுல தண்டனை, இழப்பீடு போதாமை, இந்த மூணுக்குத்தான் அந்த உரிமை. தண்டனைக் காலம் குறைவுன்னு போக முடியாது.

[திரையில்: 1 ஜூலை 2024]

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா இந்தத் தேதியில நடைமுறைக்கு வந்த பிஎன்எஸ்எஸ் சட்டப்படி எஃப்ஐஆர் நகல் இலவசம். புலனாய்வு எதுவரை வந்திருக்குன்னு 90 நாளுக்குள்ள போலீஸ் தெரிவிக்கணும். அரசு வழக்கை வாபஸ் வாங்கணும்னாலும் உங்களைக் கேட்டுத்தான் நீதிமன்றம் அனுமதிக்கணும். குற்றப்பத்திரிகையோட நகல்களும் உண்டு, ஆனா உங்களுக்கு வக்கீல் இருந்தா! வக்கீல் இல்லாதவங்களுக்குத்தானே அது ரொம்பத் தேவை?

உத்தரப் பிரதேசத்துல 2021-ல போராடின விவசாயிகள் மேல கார் ஏத்திக் கொன்ன லக்கிம்பூர் கேரி வழக்கைப் பாருங்க. ஆன்லைன் ஜாமீன் விசாரணையில பாதிக்கப்பட்டவங்க வக்கீலோட இணைப்பு துண்டிச்சுப் போச்சு. திரும்பக் கேளுங்கன்னு மனு போட்டும் பலன் இல்ல. 2022 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் அந்த ஜாமீனையே ரத்து பண்ணுச்சு. புலனாய்வுல இருந்து மேல்முறையீடு வரைக்கும் பாதிக்கப்பட்டவர் பேச்சைக் கேட்கணும்னு சொன்னது அப்பதான்.

அதுக்காக உங்க வக்கீல் நேரா எழுந்து குறுக்கு விசாரணை பண்ண முடியாது. அரசு வக்கீலுக்கு உதவலாம், சாட்சியம் முடிஞ்சதும் அனுமதி வாங்கி எழுத்துல வாதம் கொடுக்கலாம்.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க. பெண்களுக்கும் பட்டியல் சமூகத்தினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. குற்றவாளி யாருன்னே கண்டுபிடிக்க முடியலைன்னாலும் இழப்பீட்டு மனுவை அங்கேயே கொடுக்கலாம்.