கூலிக்கு அழுத அழுகையா அது?

நடுவர் ஐயா, மேடையில் இருக்கும் நண்பர்களே, குளச்சல் கடற்காற்றில் பனியையும் பொருட்படுத்தாமல் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பத்து நிமிஷம்தான். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

'பாடகரின் சொந்தத் துயரத்தில் பிறந்த பாட்டு கேட்பவரைத் தேற்றுகிறதா, வாட்டுகிறதா?' இதுதான் தலைப்பு. தேற்றுகிறது என்பது எங்கள் அணி. ஆளுக்கொரு இசைத்தொகுப்பை எடுத்துப் பேசச் சொன்னார்கள். நான் எடுத்தது அமெரிக்கப் பாடகி ஜேனட் ஜாக்சன் 1997 அக்டோபரில் வெளியிட்ட 'தி வெல்வெட் ரோப்'. மைக்கேல் ஜாக்சனின் கடைசித் தங்கை. அந்தக் கேசட்டை வளைகுடாவில் வேலை பார்த்த என் அண்ணன் லீவில் வரும்போது கொண்டுவந்தார். நாடா தேய்ந்து அறும் வரை கேட்டவள் நான்.

எனக்கு முன்னால் பேசிய வக்கீல் அண்ணன் ஒரு போடு போட்டார். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. 'இந்த அம்மா 1996-ல் வர்ஜின் இசை நிறுவனத்தோடு எட்டுக் கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார். மறு வருஷமே அழுதுகொண்டு ஒரு ஆல்பம் விட்டார். இதையெல்லாம் துயரம் என்று நாம் நம்ப வேண்டுமா? நம்ம ஊரில் இதற்குக் கூலிக்கு மாரடிக்கிறது என்று பெயர்' என்றார்.

அண்ணே, கணக்கு சரிதான். பத்திரிகைகளும் எட்டுக் கோடி என்றுதான் எழுதின. அதுவரை இசையுலகம் பார்த்த ஒப்பந்தங்களிலேயே பெரியது அது. அன்றைய மதிப்பில் 250 கோடி ரூபாய்க்கு மேல் வரும். பணத்தைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கூலிக்கு மாரடிப்பது என்று சொன்னீர்களே, அதை நான் லேசில் விடமாட்டேன். என் பத்து நிமிஷத்தில் பாதி அதற்கே போனாலும் சரி.

எங்கள் ஊரில் ஒப்பாரி பாடுகிற பாட்டி ஒருவர் இருந்தார். பாம்படத்தைக் கழற்றி எத்தனையோ வருஷம் ஆகியும் காது தோள் வரைக்கும் தொங்கும். துட்டி வீட்டுக்குள் நுழைந்ததும் பாட ஆரம்பித்துவிட மாட்டார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்து, பக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் செத்தவர் பேர் என்ன, என்ன தொழில், கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று மெல்லக் கேட்டுக்கொள்வார். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டு, ஒரு கையைக் கன்னத்தில் கொடுத்துக்கொண்டு ஆரம்பிப்பார். முடிந்ததும் அந்த வீட்டில் நாழி அரிசி, ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டு போவார். கூலி! அண்ணன் சொன்ன அதே கூலி!

அந்தப் பாட்டியின் மூத்த மகன் கடலுக்குப் போனான், வரவில்லை. வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது. உடம்பு கிடைக்கவில்லை. உடம்பு இல்லாத வீட்டில் எதை நடுவில் கிடத்தி அழுவது? ஊரில் எல்லாச் சாவுக்கும் பாடியவர், தன் வீட்டில் ஒரு வரி பாடவில்லை. வாசலில் விளக்கை மட்டும் விடிய விடிய எரிய விட்டிருந்தார்.

கொஞ்ச நாள் கழித்து ஊரில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் செத்துப்போனார். எண்பது வயதுக்கு மேல். சொத்துத் தகராறு. மகன்மார் ஆளுக்கொரு மூலையில், மருமகள்மார் ஆளுக்கொரு அறையில். யார் கண்ணிலும் ஈரம் இல்லை. ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து பாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பாட்டி உட்கார்ந்தார். கடையைப் பாடினார், தராசைப் பாடினார், அவர் கடன் கொடுத்த கணக்கைப் பாடினார். மூன்றாவது அடியில் குரல் வேறு எங்கோ போயிற்று. அலையைப் பாடினார். துடுப்பைப் பாடினார். கரைக்கு வராத மகனைப் பாடினார்.

எண்பது வயதுக் கடைக்காரருக்கு அலை ஏது, துடுப்பு ஏது? அங்கே இருந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஒருவர்கூடத் தடுக்கவில்லை.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, அந்த இடத்தை மட்டும் மறுபடி சொல்கிறேன். அடுத்த வீட்டு நடுக்கூடத்தில், அடுத்தவர் பிணத்துக்கு முன்னால், அரிசிக்கு வந்த இடத்தில், அந்தத் தாய் தன் மகனை அழுதாள். அவள் அழ அழ, பச்சைக் குழந்தையைப் பறிகொடுத்து வாயைத் திறக்காமலே இருந்த மருமகள் ஒருத்தி தரையில் விழுந்து அழுதாள். கடைக் கணக்குநோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்ற மூத்த மகன், மீசை முறுக்கின ஆள், விறுவிறுவென்று புறவாசலுக்குப் போய்த் தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு 'அப்பா, அப்பா' என்று கதறினார். அன்றைக்கு அந்த வீட்டில் எத்தனை பேர் அழுதார்களோ, அத்தனை பேரும் அவரவர் துக்கத்தை அழுதார்கள்.

பாட்டி அரிசியையும் தேங்காயையும் வாங்கிக்கொண்டு போனார். வக்கீல் அண்ணே, அரிசி கூலிதான். அந்த அழுகையும் கூலியா? சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் இங்கே உட்கார்ந்திருக்கிற தாய்மார்கள் சொல்வார்கள்.

சரி, ஜேனட்டுக்கு வருகிறேன். கூலிக்கு அழுகிறவர் எஜமானுக்குப் பிடித்ததை அழுவார். 1986-ல் 'கன்ட்ரோல்', 1989-ல் 'ரிதம் நேஷன் 1814', 1993-ல் 'ஜேனட்' என்று வரிசையாக ஆட வைத்தவர் அவர். அதே மாதிரி இன்னொன்று போட்டிருந்தால் எந்த முதலாளி வேண்டாம் என்பார்? பணம் கையெழுத்தாகிவிட்டது. பயமில்லாமல் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்தச் சமயத்தில் அவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார். ஜிம்மி ஜாம், டெரி லூயிஸ் என்ற தன் பழைய கூட்டாளிகளோடு உட்கார்ந்து அந்த இருட்டையே எடுத்து வைத்தார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே சின்னச் சின்னப் பேச்சுத் துண்டுகள், யாரோ தனக்குத்தானே முணுமுணுப்பது மாதிரி. முதல் பாட்டிலேயே வனெஸ்ஸா மேயின் வயலின் திடீரென்று பாய்ந்து வரும். ஹிப்ஹாப் தாளத்துக்கு மேல் ஜோனி மிட்சல் என்ற பாடகியின் 1970-ம் வருஷத்துக் குரலை வெட்டி ஒட்டிய பாட்டு ஒன்று. கணினித் திரைக்குப் பின்னால் இருக்கும் முகம் தெரியாத ஆளை நேசித்துத் தனித்துக் கிடப்பதைப் பற்றி 1997-லேயே ஒரு பாட்டு! இன்றைக்கு நம் பிள்ளைகள் கையில் போனோடு படுகிற பாடு அது.

கோடி வாங்கியவருக்கு என்ன துயரம் என்பதுதானே அண்ணே உங்கள் கேள்வி? பத்துப் பதினோரு வயதில் டிவி தொடரில் நடிக்கப் போன பிள்ளை. உடம்பைக் குறை என்றார்கள். மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். அவரே பிற்காலத்தில் சொன்னது இது. நீ இருக்கிற மாதிரி இருந்தால் போதாது என்று ஒரு சின்னப் பிள்ளையிடம் சொன்னால், எட்டுக் கோடி டாலர் வந்து அதை அழித்துவிடுமா? பெண்பிள்ளை பெற்றவர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

அடுத்து எதிரணித் தங்கச்சி ஒன்று கேட்டார்: 'இந்த மாதிரி இருட்டான பாட்டெல்லாம் அமெரிக்காக்காரர்களுக்குச் சரி, நமக்கு எதற்கு?' அந்தத் தொகுப்பில் 'வாட் அபவுட்' என்று ஒரு பாட்டு. கடற்கரையில் ஒருவன் தன் காதலியிடம் கல்யாணம் செய்துகொள்வோமா என்று கேட்கிறான். இசை தாலாட்டு மாதிரி வருகிறது. அவளுக்கு மட்டும் பழையது எல்லாம் ஞாபகம் வருகிறது. சட்டென்று மேளமும் கிடாரும் வெடிக்கின்றன. நீ என்னை அடித்தாயே, அவமானப்படுத்தினாயே, அதற்கென்ன பதில் என்று கத்துகிறாள். மறுபடி தாலாட்டு. மறுபடி வெடிப்பு.

தங்கச்சி, ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தலில் இசக்கியம்மன் கோயிலுக்குப் போயிருப்பாய். நம்ம வில்லுப்பாட்டில் அந்த நீலி கதையைக் கேட்டதில்லையா? நம்பிப் போனவன் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். அவன் மணலைக் குவித்து, தலையை மெல்ல அதில் இறக்கி வைத்து, நகைக்காகக் கல்லைத் தூக்கிப் போட்டான். பக்கத்தில் நின்ற கள்ளிச்செடிதான் சாட்சி. அந்த இடத்தில் வில்லும் குடமும் உடுக்கும் சேர்ந்து எழும்பும்போது கோயில் கொடைவிழாவில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் முகத்தைப் பார்த்திருக்கிறாயா? அவர்கள் வாடிப்போய் வீட்டுக்குப் போவதில்லை, தங்கச்சி. நிமிர்ந்து போகிறார்கள். அநியாயமாகச் செத்தவளைத் தெய்வமாக்கி, விடிய விடிய அவள் கதையைப் பாடி, அவளுக்குப் பொங்கல் வைக்கிற மண் இது. இருட்டைப் பாடுவதற்கு நாம் அமெரிக்காவிடம் கடன் வாங்க வேண்டாம்.

ஐயா மணியைத் தொடுகிறார். ஐயா, இன்னும் ஒரே ஒரு பாட்டு.

'டுகெதர் அகெய்ன்.' எய்ட்ஸ் நோயில் தான் இழந்த நண்பர்களுக்காக ஜேனட் பாடியது. எய்ட்ஸ் என்றால் பக்கத்தில் உட்காரவே பயந்த காலம் அது. பாத்திரத்தைத் தனியாக வைத்த காலம். அந்தச் சாவை அவர் மெதுவான பாட்டாகத்தான் முதலில் நினைத்தார். அப்புறம் அதை ஆடுகிற பாட்டாக மாற்றினார். போனவர்களை மறுபடி பார்ப்போம் என்ற சந்தோஷத்தில் அது துள்ளும். 1998 ஆரம்பத்தில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அதில் வந்த பணத்தில் ஒரு பங்கை எய்ட்ஸ் ஆராய்ச்சிக்குக் கொடுத்தார். கூலிக்கு மாரடித்தவர் கொடுத்தது அது, அண்ணே.

2017 நவம்பர் 30. நான் தேதியைச் சொன்னதுமே முன்வரிசையில் அம்மா ஒருவர் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோகிறார். ஒக்கி புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று கடலோரம் முழுக்க வாசலில் நின்ற பெண்களை நீங்கள் பார்த்தீர்கள். கடலில் காணாமல் போனவர்களைத் தேடிக் கொடுங்கள் என்று குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்த கூட்டத்தில் நம்மில் எத்தனையோ பேர் இருந்தோம். எத்தனை வீட்டுக்கு உடம்பு வரவில்லை! எத்தனை வீட்டில் அந்தப் பாட்டி மாதிரி, அழவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் விளக்கை எரிய விட்டார்கள்!

நான் டீச்சர். அந்த வருஷம் என் வகுப்பில் ஒரு பிள்ளையின் அப்பா திரும்பி வரவில்லை. அவள் பள்ளிக்கூடம் வந்தாள், பாடம் எழுதினாள், மதியம் சோற்றுப்பாத்திரத்தைத் திறந்து மூடினாள். அழவில்லை. நான் பேசிப் பார்த்தேன், சிஸ்டர் ஒருவர் பேசிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் சாயந்திரம் எல்லோரும் போனபிறகு, என் போனில் இந்தப் பாட்டைப் போட்டேன். ஆங்கிலம் அவளுக்கு அவ்வளவாகப் புரியாது. 'செத்துப்போன கூட்டுக்காரர்களை நினைத்துப் பாடுகிறாள், மறுபடி பார்ப்போம் என்று ஆடுகிறாள்' என்று சொன்னேன்.

பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். 'டீச்சர், ஆடலாமா?' என்று கேட்டாள்.

அப்பா கடலில் கிடக்கும்போது ஆடலாமா என்று கேட்கிறாள். சிரிக்கலாமா, சாப்பிடலாமா, கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி உடுக்கலாமா, எல்லாம் அந்த ஒரு கேள்வியில் இருந்தது.

'ஆடலாம் மக்களே' என்றேன்.

அவள் ஆடவில்லை. பெஞ்சில் தலையைக் கவிழ்த்து அழுதாள். பள்ளிக்கூட வாட்ச்மேன் அண்ணன் கதவைப் பூட்ட வந்தவர், பார்த்துவிட்டுச் சாவியோடு திரும்பிப் போய்விட்டார். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துவிட்டு, 'இன்னொரு தடவை போடுங்க டீச்சர்' என்றாள். போட்டேன். மறுநாள் சோறு தின்றாள்.

என்னிடம் வேறு வாதம் இல்லை ஐயா. அந்தப் பிள்ளை இப்போது நர்சிங் படிக்கிறாள். ராத்திரி டியூட்டியில் யாராவது செத்துப்போனால், வீட்டுக்காரர்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வருவேன் என்று போன மாதம் போனில் சொன்னாள்.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே ஒரு வேண்டுகோள். தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் அந்தப் பாட்டை ஒருமுறை இந்த மைதானத்தில் போடச் சொல்லுங்கள் ஐயா. ஐந்து நிமிஷப் பாட்டுதான், மைக்செட் தம்பியிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். வீட்டில் விளக்கை எரிய விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிற தாய்மார்கள் கேட்கட்டும். வக்கீல் அண்ணனும் கேட்கட்டும். நன்றி, வணக்கம்.