பள்ளிக்கூடத்துக்கு வரும் கூத்து

நேயர்களுக்கு வணக்கம். திண்ணையில் வலை பொத்திக்கொண்டே கேட்பவர்களுக்கும், அடுப்படியில் கேட்பவர்களுக்கும், மண்டபத்தில் ஏறி ராமநாதபுரம் போகிற பஸ்ஸில் கேட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கும் வணக்கம்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு கலைஞரைக் கைக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆசிரியையாக இருந்த காலத்திலும் இதைத்தான் சொன்னேன், ஓய்வு பெற்ற பிறகும் இதைத்தான் சொல்லிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போகிறேன். இன்றைக்கும் அதுதான் பேச்சு.

நம் கடற்கரையில் கூத்துக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். குறையே இல்லை. அம்மன் கோயில் திருவிழா என்றால் வள்ளி திருமணம் உண்டு. மாதா கோயில் திருவிழாவில் வாசாப்பு நாடகம் நடத்தும் ஊர்கள் உண்டு. முளைப்பாரி எடுத்தால் கும்மி, ஒயிலாட்டம். ஆனால் நாடகம் தொடங்கவே இரவு பத்து மணிக்கு மேல் ஆகிவிடும். பபூன் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போவதற்குள் பாதிப் பிள்ளைகள் பாயில் சாய்ந்திருக்கும். வள்ளியும் நாரதரும் தர்க்கம் பண்ணும்போது ஒன்றிரண்டு தலைதான் நிமிர்ந்திருக்கும். வேலன் கிழவனாக வரும் கட்டத்துக்கு விடியப்போகிறது!

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கினார். பின்னாளில் நாடகத்தில் பெயர்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் சிறு பிள்ளைகளாகச் சேர்ந்த சபை அது. அன்று பிள்ளைகள் வேஷம் கட்டினார்கள், பெரியவர்கள் விழித்திருந்து பார்த்தார்கள். இன்று அவர் எழுதிய வள்ளி திருமணத்தை நம் பிள்ளைகள் தூக்கத்தில்தான் கேட்கிறார்கள். அந்தத் தர்க்கத்தை மட்டும், பகல் பதினோரு மணிக்கு, ஆர்மோனியத்தோடு ஒரு வகுப்பறைக்குள் கொண்டுவந்து பாருங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாரதருக்குக் கட்சி, வள்ளிக்குக் கட்சி என்று பிரிந்துவிடுவார்கள்.

தோற்பாவைக்கூத்து ஒன்றைச் சொல்கிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எனக்கு அது அவ்வளவு பிடித்தமானது.

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில், கடலை ஒட்டிய ஒரு பள்ளி. கச்சான் காற்று அடிக்கிற மாதம். வகுப்பறை ஜன்னல்களை அட்டை வைத்து அடைத்து, வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, பின்னால் விளக்கு வைத்தாயிற்று. ராமாயணத்தில் சேது கட்டும் கட்டம். தோல்பாவை துணியோடு ஒட்டி நின்றால்தான் வண்ணம் தெளிவாகத் தெரியும், விலகினால் கலங்கிப்போகும். காற்றோ அட்டையைத் தாண்டி வருகிறது. வேட்டி உப்புகிறது, அமுங்குகிறது. அனுமாருக்கு முகமே இல்லை. கூத்துக்காரர் இரண்டு முறை அவிழ்த்துக் கட்டிப் பார்த்துவிட்டார்.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான். "அண்ணே, அடியில ஈயம் கட்டுனா நிக்கும்ணே" என்றான். சொன்ன கையோடு வீட்டுக்கு ஓடிப்போய், கிழிந்த வலையிலிருந்து அறுத்த ஈயக்குண்டுகளைச் சட்டைப்பை நிறையக் கொண்டுவந்தான். வேட்டியின் அடிவிளிம்பில் ஒரு கயிற்றைக் கோத்து, சாண் இடைவெளிக்கு ஒன்றாகக் கட்டினான். திரை விறைப்பாக இறங்கி நின்றது. கூத்துக்காரர் அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, அந்த முடிச்ச இன்னொருக்கா மெதுவாப் போடு" என்றார். அவன் போட்டுக் காட்டினான். அவர் போட்டுப் பார்த்தார். அதன் பிறகுதான் அனுமார் கல் சுமந்தார்.

அவனைத் திரைக்குப் பின்னாலேயே உட்காரச் சொல்லிவிட்டோம். ராமனுக்கும் அனுமாருக்கும், கோமாளிகளான உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும் ஒரே ஆள்தான் குரல். இரண்டு கையிலும் பாவை. மறுநாள் வகுப்பில் அவனிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டேன். "டீச்சர், அனுமாரக் கீழ வைக்கிறப்பதான் அவர் மூச்சு விடுறாரு" என்றான். அந்த ஒரு வரிக்காகத்தான் நேயர்களே, பக்கத்தில் உட்கார வையுங்கள் என்று மன்றாடுகிறேன். மூச்சு எங்கே விடுகிறார் என்பது செல்போன் படத்தில் தெரியாது. அறுநூறு பிள்ளைகளை மைதானத்தில் வெயிலில் உட்கார வைத்து, ஒலிபெருக்கி கட்டி நடத்தினாலும் தெரியாது.

பல பள்ளிகளில் அப்படித்தான் நடக்கிறது. வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து கலைஞர் பாட வரும்போது மதிய மணி அடிக்க இருபது நிமிடம்தான் பாக்கி. தலைமையாசிரியர்களே, பேச்சை வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வகுப்பு அல்லது இரண்டு வகுப்பு, தரையில் பாய், மைக் வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் பறையைத் தொட்டுப் பார்க்கட்டும், தோல் ஏன் தீயில் காய்ச்சப்படுகிறது என்று கேட்கட்டும். மற்ற வகுப்புகளுக்கு அடுத்த முறை.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. மனதார வரவேற்கிறேன். மேடை ஏறாத பிள்ளைகள் அங்கே நாலு பேருக்குக் கைதட்ட உட்காருகிறார்கள். அவர்களுக்கும் ஒரு நல்ல கலைஞரைப் பார்க்கும் உரிமை இருக்கிறது. ஆடப்போகிற பிள்ளையும் முதலில் பார்க்க வேண்டும். பார்க்காமல் எதை ஆடும்?

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கலைஞருக்குச் சம்பளமும் பஸ் காசும் அன்றைக்கே கையில் கொடுங்கள். பில் வரட்டும் என்று அனுப்பாதீர்கள். சாப்பாடு போடுங்கள்.

இன்னொன்று, மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஜூனில் பள்ளி திறந்ததும் வருகிற அந்த முதல் நாட்களில் விசைப்படகுக்குப் போகும் அப்பாக்கள் கரையில்தான் இருப்பார்கள். நிகழ்ச்சியை அப்போது வையுங்கள், அவர்களையும் கூப்பிடுங்கள். கரைவலை இழுத்த தாத்தாக்கள் யாராவது ஊரில் இருந்தால் அவர்களையும் கூட்டிவந்து, வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டைப் பாடச் சொல்லுங்கள். அம்பாவைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும், இன்றைக்கு நேரமில்லை. ஒரு கயிறு மட்டும் தயாராக வைத்திருங்கள். கயிறு பிடித்தால்தான் அவர்களுக்குப் பாட்டு வரும், பிள்ளைகளும் சேர்ந்து இழுக்கட்டும். வணக்கம்.